மைக் இல்லாத வர்ணனை

2022 மே மாதம். புளியங்குடி மெயின் ரோட்டில் ஒரு தையற்கடை. எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க அங்கே போனபோது, டெய்லர் சட்டையை எடுக்காமல் தன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் கழுத்தில் பதக்கத்தோடு ஒரு பெண். டெய்லர் மூன்று விரலைக் காட்டினார். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப்போட்டு ‘மதுரை’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘என்னை மாதிரி’ என்று எழுதி, காதைத் தொட்டுக் காட்டினார்.

பிரேசிலின் காக்சியாஸ் டு சுல் நகரில் அந்த மாதம் நடந்த, காது கேளாதோருக்கான டெஃப்லிம்பிக்ஸில், மதுரையின் ஜெர்லின் அனிகா பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றிருந்தார். பெண்கள் ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணிப் போட்டி. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பின்னர் அவருக்குக் கிடைத்தது. பேப்பரைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர் நம் கணக்கர். கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஐபிஎல் செய்திகள் நிறைந்திருந்த அந்த வாரத்தில் இந்த மூன்று தங்கம் அவர் கண்ணில் படவில்லை. மதுரைப் பெண்ணின் சாதனையை, காது கேளாத டெய்லர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அதற்கு முன்பே இருவருக்கும் பல வருடப் பழக்கம். டீக்கடை டிவியில் மேட்ச் ஓடும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். விக்கெட் விழுந்தால் கட்டைவிரல், கேட்ச் விட்டால் நெற்றியில் அடித்துக்கொள்வது. அவ்வளவுதான் பேச்சு. கட்டைவிரலை வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் கிரிக்கெட் பேசுவது? மிடில் ஓவரில் ஏன் அந்த பவுலரைக் கொண்டுவந்தான், டாஸ் ஜெயித்து எதற்கு பவுலிங் எடுத்தான் என்பதையெல்லாம் சண்டை போட்டுப் பேசினால்தானே மேட்ச் பார்த்த மாதிரி இருக்கும். அந்தச் சண்டையை அண்ணாச்சி மற்ற எல்லோரோடும் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற டெய்லரோடு மட்டும் முடியவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் விளையாட்டு விவரம் அதிகம் தெரிந்தவர் டெய்லர்தான் என்பது பின்னால் தெரிந்தது. டெஃப்லிம்பிக்ஸ் பற்றி அண்ணாச்சிக்கு வகுப்பெடுத்ததும் அவர்தான். முதல் போட்டி 1924இல் பாரிஸில் நடந்தது. தொடங்கிவைத்த யூஜின் ரூபன்ஸ் அல்கே காது கேளாத பிரெஞ்சுக்காரர். பாராலிம்பிக்ஸ் வந்தது 1960இல்தான். நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் கலந்துகொள்ள முடியும். களத்தில் இறங்கும்போது காது மெஷினைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதிலாக விளக்கு எரியும். பிரேசிலில் இந்தியாவுக்கு 8 தங்கம் உட்பட 16 பதக்கம். மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங் 2005, 2013, 2017 என்று மூன்று டெஃப்லிம்பிக்ஸில் தங்கம் எடுத்து, பத்மஸ்ரீயும் வாங்கியவர். இவ்வளவும் ரசீதுத் தாள்களில் எழுதிக் காட்டப்பட்டது. தாள் தீர்ந்துபோன ஒரு நாளில்தான் அண்ணாச்சிக்கு, இவர் பாஷையை நாம் படித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

ஆசிரியை, டெய்லரின் மகள். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காது கேட்காது, அவளுக்குக் கேட்கும். தமிழ் பேசும் முன்பே கையால் பேசத் தொடங்கியவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் காஜா பிரித்துக்கொண்டே பாடம் நடத்துவாள்.

அண்ணாச்சி முதலில் இதை மாட்டுச் சந்தைக் கணக்காக நினைத்தார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அது போல ஒரு ஐம்பது குறி மனப்பாடம் செய்தால் முடிந்தது என்று. துண்டுக்கு அடியில் விலையை மட்டும்தான் பேசலாம். இங்கே நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும், நடக்காமலே போனதையும் பேச வேண்டியிருந்தது. கேலி செய்ய வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் இலக்கணம் இருக்கிறது, அந்த இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது என்பது அவர் எதிர்பாராதது. ‘அவுட்’ என்று காட்டினால் அவுட். அதையே புருவத்தை உயர்த்திக் காட்டினால் ‘அவுட்டா?’ தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே காட்டினால் அவுட் இல்லை. மண்டியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பேரம் பார்த்தே வயதான மனிதர் அவர். “மாமா, மூஞ்சி பேசவே மாட்டேங்குது” என்று பிள்ளை சலித்துக்கொண்டாள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்திய சைகை மொழியில் வினை கடைசியில் வரும், கேள்விச் சொல்லும் பெரும்பாலும் கடைசியில் வரும். ‘மேட்ச், நாளைக்கு, எங்கே’ என்று நாம் பேசுகிற வரிசையிலேயே கை ஓடும். இடைஞ்சலும் உண்டு. எதிரே இருப்பவரை விரலால் சுட்டினால் அதுதான் ‘நீங்கள்’. பெரியவர்களை நோக்கி விரல் நீட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட கைக்கு அது லேசில் வருவதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து கடைக்கு வந்த வயதான காது கேளாத நண்பர் ஒருவரிடம் அண்ணாச்சி விரலை மடக்கி மடக்கி நீட்டியதைப் பார்த்து, அந்தப் பெரியவரே அவர் விரலைப் பிடித்து நிமிர்த்திவிட்டாராம்.

நெல்லைச் சீமையில் காது கேளாதோர் கல்வி என்றால் பாளையங்கோட்டைதான். புளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அங்கே தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. இந்தியாவின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளில் அது ஒன்று. டெய்லர் வயதுக்காரர்கள் கைவசம் இருக்கும் சைகைகளில் பல, விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்களுக்கு வந்தவை. டெல்லியில் 2015இல் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2021 பிப்ரவரியில் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை வெளியிட்டது. யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம். அதற்கு முன்பே 2001இல் கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலிருந்தும் ஒரு சைகை அகராதி வந்திருக்கிறது. அண்ணாச்சி இரவில் டெல்லி வீடியோவைப் பார்த்துப் படித்துவிட்டு வருவார். சில சைகைகளைக் கண்டு டெய்லர் சிரிப்பார். எங்கள் பக்கம் இப்படி என்று வேறொன்று காட்டுவார். அடிப்படை ஒன்று, ஊருக்கு ஊர் சொல் கொஞ்சம் மாறும். நெல்லைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் இருக்கிற உறவுதான். இதற்குப் பயந்து படிக்காமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீடியோவை மட்டும் நம்பிப் படிப்பதிலும் பலன் குறைவு என்றே சொல்ல வேண்டும். கை எப்படிப் போகிறது என்று திருத்த ஆள் வேண்டும்.

உதடு பார்த்துப் புரிந்துகொள்வார்களே, பிறகு சைகை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கண்ணாடி முன் நின்று ‘பால்’ என்றும் ‘மால்’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். போதாக்குறைக்கு அண்ணாச்சிக்கு அடர்ந்த மீசை. மீசைக்காரர்களின் பேச்சு தனக்கு எப்போதும் பாதிதான் கிடைக்கும் என்று டெய்லர் சொல்லிக் காட்டியபோது, கடையிலிருந்த அத்தனை பேரும் தங்களையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

பெயர்களில்தான் அண்ணாச்சி மிகவும் ரசித்துப் படித்தார். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டிப் பெயரை எழுத்துக் கூட்டலாம். ஓடுகிற மேட்ச்சில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? எனவே ஆளுக்கொரு சைகைப் பெயர் வந்துவிடும். தோற்றம், பழக்கம், தழும்பு, சிரிப்பு, எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். தையற்கடைக் கூட்டத்தில் தோனி என்றால் ஏழாம் எண்ணும் மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றும் அந்த வீச்சும். பும்ரா என்றால் விறைத்து நிற்கும் இடது கை. முரளிதரன் ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும், உருட்டி விழிக்கும் அவருடைய கண்கள் அங்கே இன்னும் ஓய்வு பெறவில்லை. அண்ணாச்சிக்குக் கிடைத்த பெயர்? மீசைதான், வேறென்ன.

பாஷை கொஞ்சம் கைக்கு வந்த பிறகு ஒன்றை அவர் கவனித்தார். கேட்கிறவனுக்குக் கண் ஆட்டத்தில் இருக்கும், காது பேச்சில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். காது கேளாதவருக்கு ஆட்டமும் கண்ணில்தான், பேச்சும் கண்ணில்தான். பந்து வரும்போது பேச்சுக் கொடுத்தால் ஒன்று பந்து போய்விடும், இல்லையென்றால் பேச்சு போய்விடும். ஆகவே அவர்கள் பார்க்கும் முறையே வேறு. பவுலர் ஓடத் தொடங்கியதும் எல்லாக் கைகளும் மடியில் இறங்கிவிடும். பந்து முடிந்து அவர் திரும்பி நடக்கும் நேரத்தில் கைகள் கிளம்பும். அந்த இடைவெளிக்குள் விமர்சனம், திட்டு, அடுத்த பந்துக்கான ஆரூடம் எல்லாம் முடிந்துவிடும். ஓவர் மாறும்போது நீண்ட விவாதம். வேகப்பந்து வீச்சாளர் என்றால் பேச நேரம் கூட, சுழற்பந்து என்றால் குறைவு. டெஸ்ட் மேட்ச்சை இழுவை என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து ஒரு செஷன் பார்க்க வேண்டும். கபடியில் நிலைமை நேர்மாறு. தொழில்முறைப் போட்டிகளில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி, ஒருவர் திரும்பியதும் அடுத்தவர் கிளம்பிவிடுவார். கபடி ஓடும்போது டெய்லரிடம் யாரும் பேச முயல்வதில்லை. பாதி நேரம் வரும்வரை அத்தனையும் மனசில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

கிரிக்கெட்டில் சத்தம் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்றும் உண்டு. மட்டையின் விளிம்பில் பந்து உரசியதா என்பதை முன்பெல்லாம் காதால்தான் முடிவு செய்தார்கள். இப்போது அல்ட்ரா எட்ஜ், ஸ்டம்ப் மைக்கில் விழுந்த சத்தத்தைக் கோடாக வரைந்து திரையில் காட்டுகிறது. கோடு துள்ளினால் உரசல். அந்த நேரத்தில் டீக்கடையில் காது கேட்கிறவர், கேளாதவர் என்ற வித்தியாசம் இல்லை. எல்லோரும் அதே கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெய்லருக்கு அந்தக் கோடுகூடப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. விக்கெட் கீப்பரின் தோளையும் பேட்ஸ்மேனின் கழுத்தையும் பார்த்து அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போய், மறுபடி மழை பிடித்து, முடியும்போது மே 30 விடியற்காலை மணி ஒன்றரை. அண்ணாச்சி வீட்டு முன்னறையில் கூட்டம். உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மாவின் பந்தை ஜடேஜா சிக்ஸருக்கு அடித்தார், அடுத்ததை ஃபைன் லெக் பக்கம் நான்குக்குத் தட்டினார். சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. காது கேளாதோர் கைதட்டுவது இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைத்து. முன்னறையில் அத்தனை கைகளும் மேலே. கொண்டாட்டத்தில் ஒருவரையும் எழுப்பாமல் ஒரு ஐபிஎல் கோப்பையை வாங்கிய வீடு தமிழ்நாட்டில் அன்று அதுவாக மட்டுமே இருந்திருக்கும் என்பது அண்ணாச்சியின் பெருமை.

அதே ஆண்டு நவம்பர் 19, அகமதாபாத், உலகக் கோப்பை இறுதி. பெருங்கூட்டத்தை அமைதியாக்குவதில் இருக்கும் திருப்தியைப் பற்றி ஆஸ்திரேலியக் கேப்டன் கம்மின்ஸ் முந்தின நாள்தான் பேசியிருந்தார். 54 ரன்னில் இருந்த கோலி, கம்மின்ஸ் பந்தை மட்டையில் வாங்கி ஸ்டம்பிலேயே விட்டுக்கொண்டபோது அவர் சொன்னது நடந்தது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். டீக்கடையிலும் அதே கதி. எல்லோரும் அந்த அமைதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, என்ன விஷயம் என்று டெய்லர் கேட்டார். ஸ்டேடியத்தில் ஒரு சத்தமும் இல்லை என்று அண்ணாச்சி காட்டினார். டெய்லர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு, “எனக்கு டாஸ் போட்டதிலிருந்தே அப்படித்தான் இருக்கு” என்றார். இந்தியா 240க்கு ஆட்டமிழந்து, டிராவிஸ் ஹெட் 137 அடித்து, எல்லாம் முடிந்த அந்த ராத்திரியில் புளியங்குடியில் சிரிப்பு கேட்ட ஒரே இடம் அந்தக் கடையாகத்தான் இருக்கும்.

2024இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. மும்பையின் இந்தியா சைனிங் ஹேண்ட்ஸ் அமைப்போடு சேர்ந்து, டிவி ஒளிபரப்பாளர்கள் ஐபிஎல்லுக்கும் பிறகு டி20 உலகக் கோப்பைக்கும் இந்திய சைகை மொழியில் தனி ஒளிபரப்பைக் கொடுத்தார்கள். ஜூன் 29 இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக் கோட்டருகே சூர்யகுமார் பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, வெளியே போய், திரும்பி வந்து பிடித்தார். டெய்லரின் கண் ஆட்டத்திலும் வர்ணனையாளரின் கையிலும் மாறி மாறி ஓடியது. கேட்ச்சை அவர் நேராகப் பார்த்தார். விவரத்தை ரீப்ளேயின்போது கையில் பார்த்துக்கொண்டார். ஏழு ரன்னில் இந்தியா ஜெயித்தது. வர்ணனை எப்படி என்று கேட்டதற்கு அவர் கறாராகவே பதில் சொன்னார். வசதிதான், ஆனால் டிவியோடு சண்டை போட முடியாதே, அதற்கு நீங்கள் வேண்டும் என்றார்.

உலகத்தில் வேறு முயற்சிகளும் நடக்கின்றன. இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து அணி 2024 ஏப்ரலில் டோட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில், கூட்டத்தின் ஆரவாரத்தை அதிர்வாக மாற்றி உடம்பில் உணர்த்தும் சட்டைகளைக் காது கேளாத ரசிகர்களுக்குக் கொடுத்தது. நல்ல யோசனைதான். நம் ஊர்களில் அவ்வளவு தொலைவு போக வேண்டாம். ஒரு கரும்பலகை கிடைத்தாலே போதும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

கோடைக்காலத்தில் தென்காசி மாவட்டம் முழுக்க டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகள் நடக்கும். விளக்குப் போட்டு ராத்திரி மேட்ச். ஸ்கோர் முழுவதும் மைக்கில். எத்தனை ஓவர், எத்தனை ரன், யார் பேட்டிங், இன்னும் எத்தனை வேண்டும், எல்லாம் குழாய் ஒலிபெருக்கியில் வந்துகொண்டேயிருக்கும், இடையிடையே அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்களும். பலகை இருக்காது. ஆடுகிற அணிகளிலிருந்தே ஒருவரை நடுவராக நிறுத்துவதால், அவர் வைடு என்று வாயால் சொல்லிவிட்டுக் கையை இடுப்பிலிருந்து எடுக்காமலே நிற்பார். நடுவர் சைகை காட்ட வேண்டும், ஸ்கோரர் பதில் சைகை காட்டும்வரை ஆட்டத்தைத் தொடரக் கூடாது என்பது கிரிக்கெட் சட்டத்திலேயே இருக்கிறது. தூக்கிய முழங்காலைத் தொட்டால் லெக் பை, விரல்நுனியால் தோளைத் தொட்டால் ஒரு ரன் குறைவு, உள்ளங்கையைத் தலைக்கு மேல் விரித்தால் பை என்று ஒவ்வொன்றுக்கும் குறி வகுத்திருக்கிறார்கள். ஒழுங்காகக் காட்டினால் மைதானத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் கணக்குப் புரியும். காட்டாத இடத்தில், மேட்ச் பார்க்க வந்த டெய்லர் ஸ்கோர் நோட்டை எட்டிப் பார்த்து, “மறைக்காதீங்க” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். உலகக் கோப்பை இறுதியில் அத்தனையும் விளங்கிய மனிதருக்கு, சொந்த ஊர் மைதானத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஸ்கோரைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லி அண்ணாச்சி போய்க் கேட்டார். “யாரு அண்ணாச்சி அதைப் பார்க்கப் போறா?” என்றார்கள். பலகையும் சாக்பீஸும் தன் செலவு என்றதும் சரி என்றார்கள். மேட்ச் தொடங்கிய சற்று நேரத்தில் எல்லைக் கோட்டில் நின்ற பீல்டர்களே பலகையைப் பார்த்துத் தேவையான ரன்னைக் கணக்குப் போட்டார்கள்; மைக் சத்தம் எட்டாத தூரத்தில் பைக்கை நிறுத்தி நின்றவர்களும் பார்த்தார்கள். அடுத்த வருடம் வேறொரு குழு நடத்திய போட்டியில் பலகை மறுபடி இல்லை. இப்படித்தான் ஒரு வருடம் இருக்கும், ஒரு வருடம் இருக்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், மைதானத்துக்கும் வருகிறார்கள். இந்தக் கோடையில் எங்கேனும் டோர்னமென்ட் நடத்துகிறவர்களிடம் அண்ணாச்சி கேட்பது மூன்று. ஸ்கோரைப் பெரிதாக எழுதி, விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். நடுவர் ஒவ்வொரு சைகையையும் கையை நீட்டி முழுதாகக் காட்டட்டும். பரிசளிப்பில் ஆட்ட நாயகன் பெயரை மைக்கில் சொல்லும்போது பலகையிலும் எழுதிவிடுங்கள். பலகைக்கு வழியில்லை என்றால் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் அண்ணாச்சியைக் கேளுங்கள், தருகிறார்.